துறைமுகக் கரையின் விசிறி இரைச்சல்: கணக்கிடவும் முடியும், குறைக்கவும் முடியும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய பேச்சுகளில் அதன் ஆழமும் அமைவிடமும், அதனைச் சூழ்ந்த வல்லரசுப் போட்டியுமே முதன்மை பெறுகின்றன. அத்துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களின் செவிகளைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் பேசப்படுவது மிகக் குறைவு. சீனக்குடாவில் 1980ஆம் ஆண்டு முதல் பிறிமா மாவு ஆலை இயங்கி வருகின்றது. டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் எண்பதுகளிலிருந்து இத்துறைமுகக் கரையில் இயங்குகின்றது. முன்னாள் துறைமுக அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் பெயரைத் தாங்கிய இறங்குதுறையும் இங்கேயே உள்ளது. இவற்றுக்கு அப்பால் கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் ஆகிய பகுதிகளிலும் அரிசி ஆலைகள், பனிக்கட்டித் தொழிற்சாலைகள் எனப் பல தொழில்கள் நடைபெறுகின்றன.

இத்தகைய தொழில்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இயந்திரம் உண்டு. அதுவே விசிறி. சீமெந்து அரைக்கும் ஆலையில் தூசியை உறிஞ்சுவதற்கும், மாவு ஆலையில் தானியத்தையும் மாவையும் குழாய் வழியே மேலேற்றுவதற்கும், அரிசி ஆலையில் உமியை ஊதிப் பிரிப்பதற்கும், கொதிகலனுக்குக் காற்றூட்டிப் புகையை வெளியேற்றுவதற்கும், கப்பலின் இயந்திர அறைக்குக் காற்றளிப்பதற்கும் பெரிய விசிறிகள் வேண்டும். இவற்றுள் பல இரவு பகலாக ஓடுபவை. விசிறி கட்டடத்தினுள் மறைந்திருந்தாலும் அதன் இரைச்சல் காற்றுக்குழாயின் வழியே பயணம் செய்து குழாய் வாயிலாலும் புகைபோக்கியாலும் வெளியேறிவிடுகின்றது. ஆகவே, குழாயினுள் ஒலி எவ்வாறு செல்கின்றது, அதனை எங்கே மறிக்கலாம் என்பது பொறியியலாளர் மாத்திரம் அறிந்திருக்க வேண்டிய விடயமன்று. குறிப்பிட்ட ஓர் ஆலையைக் குற்றம் சாட்டுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. விசிறி இரைச்சல் என்பது தொழில் வளர்ச்சிக்கு நாம் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய விலை அல்ல என்பதை எடுத்துக்காட்டுவதே அதன் நோக்கமாகும்.

சட்டம் வகுத்த எல்லைகள்

இலங்கையில் இரைச்சல் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் ஒலிபெருக்கியைச் சுற்றியே நடந்துள்ளது. வெலிகமையிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தியது. பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் தேவாலயங்களும் அதன் பின்னர் தமது நடைமுறைகளை மீளாய்வு செய்ய நேர்ந்தது. ஆனால், சில நிமிடங்கள் மாத்திரம் ஒலிக்கும் ஒலிபெருக்கி பெற்ற கவனத்தை, இருபத்து நான்கு மணிநேரமும் ஓடும் விசிறி பெறவில்லை.

இத்தனைக்கும் விதிகள் அதற்கு முன்பிருந்தே உள்ளன. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நாட்டை வலயங்களாகப் பிரிக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குட்பட்ட இடம் குறைந்த இரைச்சல் வலயமாகும். அங்கே பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்ச வரம்பு. நகர சபை, மாநகர சபை எல்லைகளுக்குள் அது முறையே 63, 50 டெசிபல். ஏற்றுமதி வலயங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட கைத்தொழிற் பேட்டைகளிலும் 70, 60 டெசிபல். பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம், புனிதப் பகுதி ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குட்பட்ட இடம் அமைதி வலயமாகும். அதற்குரிய வரம்புகள் 50, 45 டெசிபல். இவ்விதிகளில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிக் காலை 6 மணி வரை நீடிக்கின்றது என்பதைப் பலர் அறியார்.

ஆலையினுள் வேலை செய்பவரின் நிலை வேறு. 85 டெசிபல் மட்டத்தில் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் என்பதே செவிப் பாதுகாப்பு நிபுணர்கள் பரவலாக ஏற்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலிச் சக்தி இரட்டிப்பாவதால் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகும். 88 டெசிபலில் நான்கு மணிநேரம், 94 டெசிபலில் ஒரு மணிநேரம், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடங்கள். இவ்விதம் இழந்த கேள்திறன் மருந்தினால் மீள்வதில்லை.

விசிறி எழுப்பும் இரண்டு ஒலிகள்

விசிறியின் இரைச்சலை உற்றுக் கேட்டால் அதில் இரண்டு கூறுகள் இருப்பதை உணரலாம். ஒன்று, காற்றுக் கொந்தளிப்பினால் எழும் பரந்த இரைச்சல். மழை பெய்யும் ஓசையைப் போல் எல்லா மீடிறன்களும் அதில் கலந்திருக்கும். மற்றது, குறித்த ஒரு சுருதியில் விடாது ஒலிக்கும் ஊளை. ஒவ்வோர் இறக்கையும் விசிறிக் கூட்டின் விளிம்பைக் கடக்கும்போது காற்றை ஒரு முறை உதைக்கின்றது. ஆகவே இறக்கைகளின் எண்ணிக்கையை, ஒரு செக்கனில் நிகழும் சுழற்சிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஊளையின் மீடிறன் கிடைக்கும். எட்டு இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1,450 முறை சுழலுமாயின் அது ஏறத்தாழ 193 ஹேர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 387 ஹேர்ட்ஸிலும் அதற்கு மேலும் துணை ஒலிகள் எழும். அயலவரை உறங்கவிடாது செய்வது பெரும்பாலும் இந்த ஊளையே. பரந்த இரைச்சலுக்குச் செவி பழகிவிடும். ஒற்றைச் சுருதிக்கு எளிதில் பழகாது.

இந்த எளிய கணக்கு ஒரு முக்கிய உண்மையைச் சொல்கின்றது. விசிறியைக் கொள்வனவு செய்வதற்கு முன்னரே, வரைபடத்தைப் பார்த்தே, அது எந்தச் சுருதியில் ஊளையிடும் என்று கூறிவிடலாம்.

குழாயினுள் ஒலியின் பயணம்

திறந்த வெளியில் ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல் குறைகின்றது. குழாயினுள் அவ்வாறன்று. விரிந்து செல்ல இடமில்லாததால், உலோகச் சுவர்களுக்கிடையே ஒலி அதிகம் குன்றாமல் நெடுந்தூரம் செல்லும். அது செல்லும் முறையும் மீடிறனைப் பொறுத்து மாறுகின்றது. மீடிறன் குறைவாயிருக்கும்போது ஒலி தட்டையான அலையாக நேரே செல்லும். குறித்த ஓர் எல்லையைத் தாண்டியதும் அலை சுழன்றும் சுவர்களிடையே மோதியும் செல்லும் சிக்கலான கோலங்களை எடுக்கும். ஒரு மீற்றர் விட்டமுள்ள வட்டக் குழாயில், நமது வெப்பநிலையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 348 மீற்றர் எனக் கொண்டால், அவ்வெல்லை சுமார் 204 ஹேர்ட்ஸ் ஆகும். மேலே கூறிய 193 ஹேர்ட்ஸ் ஊளை அதற்குச் சற்றுக் கீழே இருப்பதால் தட்டையலையாக மாத்திரமே செல்லும். 387 ஹேர்ட்ஸ் துணையொலியோ சுழல் கோலங்களாகவும் செல்லும்.

இக்கோலங்களைப் பற்றிய அறிவு ஜெற் விமானங்களின் வருகையோடு வளர்ந்தது. ரைலர், சொஃப்ரின் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் 1962இல் வெளியிட்ட ஆய்வு, சுழலும் இறக்கைகளின் எண்ணிக்கைக்கும் அவற்றின் பின்னுள்ள நிலையான தகடுகளின் எண்ணிக்கைக்கும் இடையிலான உறவே எந்தக் கோலம் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கின்றது எனக் காட்டியது. எண்ணிக்கைகளைத் தக்கவாறு தெரிந்தால், உருவாகும் கோலம் குழாயில் முன்னேற இயலாமல் அங்கேயே அடங்கிவிடும். தெற்காசியாவில் இத்துறைக்கு வழிகாட்டியவர் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் பேராசிரியர் எம்.எல். முஞ்சால். குழாய்களினதும் ஒலியடக்கிகளினதும் ஒலியியல் பற்றி 1987இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பயன்படுத்தப்படுகின்றது. குழாயின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு கணித அட்டவணையாக்கி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கி முழுத் தொகுதியின் நடத்தையையும் கணிக்கும் முறை அதில் விரிவாக விளக்கப்பட்டுள்ளது. தட்டையலைகளுக்கு அம்முறையே போதுமானது. சிக்கலான கோலங்களுக்கு, குழாயின் வெளியைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் தீர்க்கும் முறைகள் உள்ளன.

உள்ளுறை வேலை செய்யும் விதம்

குழாயின் உட்சுவரை ஒலியை உறிஞ்சும் உறையால் மூடுவதே இரைச்சலைக் குறைக்கும் முதன்மை வழி. இதில் இரண்டு வகைகள் உள்ளன.

முதலாவது, கண்ணாடி நார், பாறை நார் போன்ற பஞ்சு உறை. காற்றின் அதிர்வு நார்களிடையே நுழைந்து உராய்ந்து வெப்பமாக மாறிவிடுகின்றது. ஆனால், உறையின் தடிப்பு அலைநீளத்தின் நான்கிலொரு பங்கை நெருங்கும்போதே இது நன்கு வேலை செய்யும். 193 ஹேர்ட்ஸின் அலைநீளம் 1.8 மீற்றர், நான்கிலொரு பங்கு 45 சென்ரிமீற்றர். ஆகவே 5 சென்ரிமீற்றர் பஞ்சை ஒட்டிவிட்டு ஊளை நின்றுவிடும் என எதிர்பார்ப்பது பயனற்றது. பணம் செலவாகும், சீறல் குறையும், ஊளை அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பரிவு உறை. வெறும் போத்தலின் வாயருகே ஊதினால் அது ஒரு சுருதியில் ஒலிக்கும். போத்தலின் கழுத்திலுள்ள காற்று ஒரு பாரமாகவும், வயிற்றிலுள்ள காற்று ஒரு வில்லாகவும் இயங்குவதே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த இத்தத்துவமே இங்கு கையாளப்படுகின்றது. சிறு துளைகளிட்ட தகட்டுக்குப் பின்னே மூடிய அறைகளை அடுக்கினால் ஒவ்வோர் அறையும் ஒரு போத்தலாகும். அதன் சுருதியும் ஊளையின் சுருதியும் ஒன்றானால், துளைகளினூடாகக் காற்று வேகமாக உள்ளும் புறமும் அசைந்து தன் சக்தியை இழக்கும். ஒரு மில்லிமீற்றர் தடிப்பான தகட்டில் 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகளை, தகட்டின் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு திறந்திருக்குமாறு இட்டால், 193 ஹேர்ட்ஸ் ஊளைக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஆழமான அறை போதும். பஞ்சுக்கு வேண்டிய 45 சென்ரிமீற்றருடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். விமான இயந்திரங்களின் முகப்பில் தேன்கூடு போன்ற அறைகளுடன் பொருத்தப்படுவது இவ்வகை உறையே. இதன் குறை, இசைந்த சுருதியை அண்டிய குறுகிய எல்லைக்குள் மாத்திரமே இது திறம்பட வேலை செய்யும் என்பதாகும்.

சுவர் எவ்வளவு வன்மையாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. முற்றிலும் வன்மையான சுவர் ஒலியைத் திருப்பியனுப்பும். மிகவும் இளகிய சுவரும் திருப்பியனுப்பவே செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தடங்கல் நிலையிலேயே ஒலி மிக விரைவாக அடங்கும். அந்நிலையைக் கணிக்கும் வழியை ஜேர்மனியின் கிறேமர் 1953இல் தந்தார். 'பஞ்சு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நன்று' என்னும் எண்ணம் தவறாவது இதனாலேயே.

ஓர் எடுத்துக்காட்டு

புகைபோக்கி ஒன்றின் வாயிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் இரைச்சல் இருப்பதாகவும், மிக அருகிலுள்ள வீடு 400 மீற்றர் தொலைவில் பிரதேச சபை எல்லைக்குள் இருப்பதாகவும் கற்பனை செய்வோம். தூரத்தினால் 32 டெசிபல் குறைந்து வீட்டு வாசலில் 53 டெசிபல் எஞ்சும். பகல் வரம்பான 55க்கு இது உட்பட்டது. இரவு வரம்பான 45ஐ 8 டெசிபலால் மீறுகின்றது. பகலில் அளந்துவிட்டு 'எல்லாம் சரி' என்று கூறுவது எவ்வளவு பிழையானது என்பது இதிலிருந்தே தெளிவாகும்.

அந்த 8 டெசிபலை எவ்வாறு குறைப்பது? ஒரு மீற்றர் விட்டமுள்ள குழாயில், ஒலியின் நூற்றுக்கு 80 பங்கை உறிஞ்சும் உறை இருப்பின், பொறியியலாளர் வழக்கமாகக் கையாளும் விதிப்படி மீற்றருக்கு ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். மூன்று மீற்றர் நீள உறை 9 டெசிபலைக் குறைத்துவிடும். ஆனால் அதே உறை ஊளையின் மீடிறனில் நூற்றுக்கு 20 பங்கை மாத்திரம் உறிஞ்சுமாயின், மூன்று மீற்றரிலும் கிடைப்பது ஒன்றரை டெசிபலுக்கும் குறைவு. உறை இருக்கின்றதா என்று கேட்டால் மாத்திரம் போதாது. எந்த மீடிறனுக்கான உறை என்றும் கேட்க வேண்டும்.

துறைமுகக் கரையில் இக்கணக்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். புல்லும் புதரும் நிறைந்த தரை ஒலியின் ஒரு பகுதியை உறிஞ்சும். அமைதியான நீர்ப்பரப்பு அவ்வாறு செய்யாது. கண்ணாடியைப் போல் திருப்பியனுப்பும். இரவில் தரையை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து மேலே வெப்பமான காற்று நிற்கும்போது, மேலெழுந்த ஒலி வளைந்து மீண்டும் கீழிறங்கும். மூன்று புறமும் நிலம் சூழ்ந்த திருகோணமலை போன்ற ஓர் உட்துறைமுகத்தில், ஒரு கரையின் இரைச்சல் மறுகரையில் கேட்பது வியப்புக்குரியதன்று.

உப்பும் தூசியும்

வெளிநாட்டு விபரக்கொத்தில் உள்ளதை அப்படியே வாங்கிப் பொருத்துவதும் இங்கு பயன் தராது. உப்புக் காற்று துளையிட்ட சாதாரண இரும்புத் தகட்டை விரைவில் அரித்துவிடும். துருவேறாத உருக்கு வேண்டும். ஈரம் கோத்த பஞ்சு தன் பயனை இழக்கும். சீமெந்துத் தூசியும் மாவும் நார்களின் இடைவெளிகளை அடைத்துவிடும். மாவுத் தூசி காற்றில் கலந்து தீப்பற்றினால் வெடிக்கக்கூடியது. அது படிந்து தேங்கும் இடத்தைக் குழாயினுள் உருவாக்குவது ஆபத்தானது. உணவு செல்லும் குழாயில் நார் உதிரவும் கூடாது. ஆகவே இத்தகைய இடங்களில், தூசியை வடித்த பின்னுள்ள தூய காற்றுப் பகுதியில் மாத்திரம் உறையைப் பொருத்துவதும், பஞ்சை மெல்லிய படலத்தால் மூடுவதும், நார் இல்லாத பரிவு அறைகளைக் கையாள்வதும் பொருத்தமானவை. மேலும், குழாயின் மெல்லிய சுவரை ஊடுருவி வெளியேறும் ஒலியை உள்ளுறை முழுமையாகத் தடுப்பதில்லை. அதற்கு வெளிப்புறப் போர்வை வேண்டும்.

உறைக்கு முன்னரே செய்யக்கூடியவையும் உண்டு. விசிறியின் வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால் இரைச்சல் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும். அத்துடன் அது உண்ணும் மின்வலுவும் ஏறக்குறையப் பாதியாகும். சிறிய விசிறியை வேகமாக ஓட்டுவதிலும் பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவது நன்று. விசிறியின் வாயருகே குழாயைத் திடீரென வளைத்தால் காற்றுக் குழம்பி இரைச்சல் கூடும். உறை குன்றிப்போகும் தாழ்ந்த மீடிறன்களில், எதிரொலியை எழுப்பி ஒலியை ஒலியாலேயே அடக்கும் வழியும் உண்டு. ஜேர்மனியரான பவுல் லூக் இதற்கான அமெரிக்கக் காப்புரிமையை 1936இலேயே பெற்றிருந்தார். செவியடைப்பான்களைத் தொழிலாளருக்குக் கொடுப்பது இவை யாவற்றுக்கும் பின்னர் வரவேண்டிய இறுதி நடவடிக்கை. நடைமுறையிலோ அதுவே பல இடங்களில் முதலும் முடிவுமாக உள்ளது.

கப்பல்களும் புதிய திட்டங்களும்

கப்பற் பணியாளரின் செவிகளைக் காக்கச் சர்வதேச ஏற்பாடு உள்ளது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட இரைச்சல் நெறிக்கோவை, 2014 ஜூலை முதல், 1,600 தொன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள புதிய கப்பல்களுக்குக் கட்டாயமானது. இயந்திர அறையில் 110 டெசிபலும், உறங்கும் அறையில் கப்பலின் அளவைப் பொறுத்து 60 அல்லது 55 டெசிபலும் அதன் உச்ச வரம்புகள். எனினும் அது கப்பலுக்குள் இருப்போருக்கானது. துறையில் கட்டப்பட்ட கப்பலின் காற்றூட்டும் விசிறிகள் இரவு முழுவதும் ஓடும்போது கரையில் உறங்குபவரைக் காக்க வேண்டியது நமது விதிகளே.

மூதூர் கிழக்கிலுள்ள சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைக்க இந்தியாவுடன் திட்டமிடப்பட்டு, அது 2016இல் கைவிடப்பட்டமை யாவரும் அறிந்ததே. அக்காலத்து விவாதம் சாம்பலையும் கடல்நீரையும் இடம்பெயர்ந்த மக்களின் காணிகளையும் பற்றியதாக இருந்தது, அது நியாயமானதே. ஆயினும் நிலக்கரி மின்நிலையம் என்பது கொதிகலனுக்குக் காற்றை ஊட்டும், புகையை இழுக்கும் மாபெரும் விசிறிகளின் நிலையமும் ஆகும். அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்தின் ஆரம்ப நிகழ்வு 2025 ஏப்ரலில் இடம்பெற்றது. சூரிய மின்சாரத்துக்குக் கொதிகலன் இல்லை. மின்னை மாற்றும் கருவிகளுக்குக் குளிர்விசிறிகள் உண்டு, அவை சிறியவை. வீடுகளிலிருந்து விலக்கி அவற்றை நிறுவுவதற்கு வேண்டியது திட்டமிடும்போதான கவனம் மாத்திரமே.

கேட்க வேண்டிய நேரம்

குழாய் பற்றவைக்கப்பட்டு, கட்டடம் எழுந்து, விசிறி ஓடத் தொடங்கிய பின்னர் உறையைப் புகுத்துவது செலவு மிகுந்தது. பல வேளைகளில் அதற்கு இடமே இருப்பதில்லை. உறை ஏற்படுத்தும் காற்றுத் தடையைத் தாங்க விசிறியையே மாற்ற நேரிடலாம். வரைபடத்திலேயே மூன்று மீற்றரை ஒதுக்கிவிட்டால் இச்சிக்கல் எதுவுமில்லை.

அதற்கான வாய்ப்பைச் சட்டம் தந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, விதித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அந்த அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அந்நாட்களில் 'இரைச்சல் வேண்டாம்' என்று பொதுப்படக் கூறும் மனு எளிதில் ஒதுக்கப்பட்டுவிடும். விசிறியின் ஊளை எத்தனை ஹேர்ட்ஸ், மிக அருகிலுள்ள வீட்டிலும் பாடசாலையிலும் இரவில் எத்தனை டெசிபல் இருக்குமெனக் கணிக்கப்பட்டுள்ளது, எவ்வகை உறை எத்தனை மீற்றருக்குப் பொருத்தப்படும், உப்பும் தூசியும் அதனைக் கெடுக்காதிருக்க யார் எப்போது பரிசோதிப்பார் என்று எண்களைக் கேட்கும் மனுவுக்கு எண்களாலேயே பதிலளிக்க வேண்டியிருக்கும். ஏற்கனவே இயங்கும் ஆலைகளைப் பொறுத்தவரை, மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் இரவு நேர அளவீட்டைக் கோருவதே முதற்படி.

துறைமுகக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அதே ஆலைகளில் தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். விசிறியின் ஊளை இவர்களுள் எவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரதேச சபைகளும் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் இவ்விடயத்தில் ஒரே கோரிக்கையை ஒன்றாக முன்வைக்கலாம். தொழிலும் வேண்டும், உறக்கமும் வேண்டும் என்பது பேராசையன்று. குழாயின் விட்டமும் இறக்கைகளின் எண்ணிக்கையும் தெரிந்த எவரும் கணக்கிட்டுக் காட்டக்கூடிய நியாயமே அது.